தோலுக்கு அடியில் தெரிந்தது

அந்தத் திங்கட்கிழமை அண்ணன் வேலையில் சேர வேண்டும். விபத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. மேனாம்பேட்டில் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை. கடைசல் முடிந்து வரும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, தேறியதை ஒரு ட்ரேயிலும் தேறாததை இன்னொரு ட்ரேயிலும் வைக்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் உள்ள வேலை. காலுக்கு அதில் வேலை இல்லை.

அவர் கால்கள் விளங்காமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தான் வேலை பார்த்த லேத் ஷெட்டில் கூரை ஒழுகிய இடத்தை அடைக்க ஏறினார். கால் வைத்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்தது. லேத்தின் மேல் விழாமல் தரையில் விழுந்ததை எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். இடுப்புக்குக் கீழே இப்போது அவருக்கு எதுவும் தெரியாது. கொசு கடித்தாலும் தெரியாது, வெந்நீர் பட்டாலும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பின்பக்கம் ஒரு படுக்கைப் புண் வந்தது. முதலில் கொப்புளம், பிறகு குழி. அண்ணி அந்தக் குழிக்குள் மருந்துத் துணியைத் தள்ளுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எவ்வளவு துணி உள்ளே போனது என்பதையும் பார்த்திருக்கிறேன். அது மூடுவதற்கு அரை வருடத்துக்கு மேல் ஆனது. இன்னொரு முறை அதைத் தாங்கும் தெம்பு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

வேலை உறுதியானதும் அண்ணன் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். ஷிஃப்ட் நேரம் முழுவதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பழகுவது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பழைய ஷெட்டில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஸ்கூட்டர் டியூபில் அளவாகக் காற்றடித்து, மேலே வேட்டித் துணி சுற்றித் தைத்து, நடுவில் ஓட்டையோடு வட்டமாக ஒரு மெத்தை கொண்டுவந்து தந்திருந்தார். வால்வு குத்தாமல் இருக்க அதை வெளிப்பக்கமாகத் திருப்பி, துணியால் மூடியிருந்தார். நேர்த்தியான வேலை.

“ஏரோப்ளேன் சீட்டு மாமே. ஒக்காந்தா எறங்க மாட்டே” என்றார் நண்பர்.

நிஜமாகவே அண்ணன் இறங்கவில்லை.

நான் பட்டாபிராமில் இருக்கிறேன். பத்திரிகையில் பக்கம் பார்க்கும் வேலை சாயங்காலம்தான் என்பதால், காலையில் ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அண்ணி தையல் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் இருவருமாக அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் தோலைப் பார்ப்பது என் பங்கு. டார்ச் அடித்துப் பின்பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்ல” என்று சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பது மாதிரிதான். ஆனால் பக்கத்தில் பிழை வெள்ளைத் தாளில் கருப்பு மையில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்து நிறத்தில் எதுவும் சிவக்காது. தினமும் ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு, வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்பேன். பேப்பரைப் பிரிப்பேன், மடிப்பேன். அந்த வீட்டில் நாற்காலியில் சாய்ந்து உட்கார எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய புதன்கிழமை டாக்டர் வந்தார். சென்னீர்குப்பம் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கும் இளம் பெண். முதுகுத்தண்டு அடிபட்டவர்களை வீடுகளுக்கே போய்ப் பார்ப்பவர். வழக்கமாக ரத்த அழுத்தம் பார்ப்பார், கை கால்களை நீட்டி மடக்குவார், தோலைப் பார்ப்பார். அன்று பையிலிருந்து முகச்சவர மிஷின் அளவில் ஒரு கருவியை எடுத்து டேப்லெட்டோடு இணைத்தார். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான், கைக்கு அடக்கமாக.

“அண்ணா, இன்னிக்குத் தோலை மேலால மட்டும் பாக்கப் போறதில்ல. உள்ளயும் பாக்கறேன்.”

“உள்ள இன்னா மேடம் கீது? எலும்பு கீது, கொஞ்சம் கொழுப்பு கீது” என்றார் அண்ணன். “எங்க தம்பிக்குக் கொழுப்பு வாய்ல, எனக்கு அங்க.”

லீவு போட்டிருந்த அண்ணியும் நானும் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தோம். டாக்டர் கூழ் மாதிரி ஒன்றைத் தடவி, உட்காரும்போது நாற்காலியில் பதியும் எலும்பின் மேல் கருவியை வைத்தார். முதலில் வலது பக்கம். திரையில் மேலே வெளிச்சமாக ஒரு கோடு, அது தோல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கொழுப்பு. அதற்கும் கீழே சதை, சீப்பால் வாரியது போல் வரிவரியாக. அடியில் வெள்ளை வளைவு, எலும்பு. டாக்டர் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். பிறகு இடது பக்கம் வைத்தார். சொல்வதை நிறுத்திவிட்டார்.

கருவி நகர்ந்தது, திரும்பி வந்தது, அதே இடத்தில் நின்றது. அச்சுக்குப் போகும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் பத்திரிகை ஆசிரியர் ஒரு வரியில் நின்று மறுபடி மேலேயிருந்து படிக்க ஆரம்பிப்பார். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பிழை எங்கே என்று தேடும் நேரம் அது. நானும் திரையில் தேடினேன்.

“இங்க பாருங்க சார்.”

பார்த்தேன். எலும்பை ஒட்டி, வரிகள் அறுந்து, ஈரத் தாளில் மை ஊறியது போல ஒரு கரும்பட்டை. அதற்கு ஓரம் என்று ஒன்று இல்லை.

“உள்ள சதை நசுங்கி நீர் கோத்திருக்கு” என்றார் டாக்டர். “உக்காரும்போது எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கறது சதைதான். எலும்பு ஓரத்துலதான் அழுத்தம் ஜாஸ்தி. அதனால கெடறது உள்ளேருந்து ஆரம்பிக்கும். தோல்ல தெரியறதுக்குச் சில நாள் ஆகும். சில சமயம் தெரியறப்ப குழியாவே தெரியும்.”

அண்ணி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் டார்ச்சை எடுத்தேன். தோலில் ஒன்றும் இல்லை. விரலால் அழுத்தினேன். ஒன்றும் இல்லை. ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடக்கூடாது என்று பழக்கப்பட்டவன். கேட்டேன்: “இத மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியுமா?”

“முடியாது சார். புண்ணுக்கு முன்னாடியே இப்படிப் பாக்கறது இன்னும் எல்லா எடத்துலயும் வழக்கத்துக்கு வரல. கருவியைச் சாய்ச்சுப் பிடிச்சாக்கூட நிழல் விழும். அதான் நாலஞ்சு தடவ வெச்சுப் பாத்தேன். நீங்க புறங்கையை வெச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும்.”

வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் சூடாக இருந்தது போல இருந்தது. ‘போல’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நான் அடித்துவிடுவேன். மறுபடி வைத்தேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

தலையணையில் முகம் புதைத்திருந்த அண்ணன் பேசினார்.

“மேடம், ஒரு நிமிசம். எங்க ஷெட்ல யூ.டி.ன்னு ஒண்ணு பாப்பாங்க. தெரியுமா?”

டாக்டருக்குத் தெரியவில்லை. அண்ணன் விளக்கினார். பெரிய ஷாஃப்ட் வந்தால் மேலே எண்ணெய் தடவி, இதே மாதிரி ஒரு கருவியை வைத்து இரும்புக்குள் ஒலியை அனுப்புவார்கள். உள்ளே விரிசல் இருந்தால் திரையில் காட்டும்.

“ஒங்க மிஷினும் அதான?”

“அதேதான் அண்ணா.”

“ஆங். ஆனா அவன் மாஸ்டர் பீஸ் வெச்சு செட் பண்ணாம ஷாஃப்ட்டத் தொட மாட்டான். நல்ல பீஸ் எப்டி காட்டும்னு மொதல்ல பாத்துக்குவான். நீங்க எத வெச்சு செட் பண்ணீங்க?”

“உங்க வலது பக்கம் இருக்கே. அதோட ஒப்பிட்டுத்தான் சொல்றேன்.”

“வலதும் நாந்தான், எடதும் நாந்தான். ஒரே லாட்டுல வந்த பீஸு. ரெண்டுமே சொத்தையா இருந்தா? வேற லாட்ல காட்டுங்க.”

டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார். அண்ணன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தோ நிக்கிறான் பாருங்க. காலம்பூரா ஒக்காந்துகினே சம்பாரிச்சவன். இவன்து தேறிச்சின்னா எதுவும் தேறும். படுறா.”

“ண்ணா, சும்மா இரு.”

“படுறா மாஸ்டரு.”

அண்ணி அடுக்களைக்குப் போனார். அங்கேயிருந்து, அன்று காலை முதல்முறையாக, அவர் சிரிப்பது கேட்டது. ஐம்பதைத் தாண்டிய நான், என் மகள் வயது டாக்டருக்கு முன்னால், அண்ணனுக்குப் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்து பேன்ட்டைத் தளர்த்தினேன். கூழ் ஜில்லென்று இருந்தது. டாக்டர் அதே இடத்தில், அதே ஆழத்துக்கு வைத்து, டேப்லெட்டை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். என் வரிகள் நேராக ஓடின. பிறகு அவருடைய இடது பக்கத்தைக் காட்டினார்.

“தம்பிது இன்னொருவாட்டி.”

காட்டினார்.

“இப்ப என்து.”

காட்டினார். அண்ணன் கண்ணைச் சுருக்கி மாறி மாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை. அளவு பார்க்கும் மேசையில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “ரிஜெக்ட்” என்றார்.

அவரே தொடர்ந்தார். “ஒருதபா நான் கண்ணாடி மாரி ஃபினிஷ் பண்ண ஷாஃப்ட்ட யூ.டி.காரன் ரிஜெக்ட் பண்ட்டான். சட்டையப் புடிச்சிட்டேன். ஓனர் வந்து ரெண்டா அறுக்கச் சொன்னாரு. உள்ள மயிரிழையா கிராக்கு. மேல தடவிப் பாத்தா வெண்ணெ மாரி கீது, உள்ள கிராக்கு.” பிறகு கேட்டார்: “ரீவொர்க் ஆவுமா மேடம்?”

“ஆகலாம். தோல் இன்னும் உடையல. அந்தப் பக்கம் எடையே போடாம இருந்தா உடம்பே சரி பண்ணிக்கும்னு நம்பறேன். உக்காந்தீங்கன்னா உடைஞ்சுடும்.”

“எத்தினி நாளு?”

“நாள் கணக்கு சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பப் பாத்துத்தான் சொல்ல முடியும்.”

“திங்கக்கெழம?”

டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

கிளம்பும்போது, எதன் மேல் உட்காருகிறார் என்று கேட்டார். டியூப் மெத்தையைக் காட்டினோம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “நடுவுல ஓட்டை இருந்தா எலும்பு தப்பிக்கும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. சுத்தி ரப்பர் இறுக்கிப் பிடிச்சா நடுவுக்கு ரத்தம் வராது. ஒருகாலத்துல ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டு இருந்ததுதான். யாரையும் திட்டாதீங்க” என்றார்.

டாக்டரின் ஸ்கூட்டர் தெரு முனையைத் தாண்டவில்லை. அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“படத்துல கீது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா திங்கக்கெழம போறேன். ஒரு வாரம் போயி மூஞ்சியக் காட்டிட்டு அப்பறம் படுத்துக்கறேன். வேல போச்சின்னா போச்சி.”

“ஒரு வாரத்துல இன்னா ஆவும்னு தெரியுமா ஒனக்கு?” அண்ணி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

“இன்னா ஆவும்? தோலு நல்லாத்தான கீது.”

“குழியில துணி தள்ளனது நானு. ஒனக்கு வலியும் தெரியாது, திரும்பிப் பாக்கவும் முடியாது. நாத்தம்கூட எங்களுக்குத்தான் மொதல்ல வந்துச்சி. நீ ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டு அந்த பீஸ லோடுல ஏத்துவியா?”

அண்ணன் கழுத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். “நீ சொல்றா. தெனம் டார்ச் அடிச்சவன் நீதான? நேத்து வரிக்கும் ஒண்ணும் இல்லன்ன.”

“நான் பாத்தது தோலுண்ணா.”

“தோலு, தோலு” என்றார். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. நான் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அண்ணி, “தம்பி, ஒரு எடத்துல நில்லுங்க, தலை சுத்துது” என்றார்.

மறுநாள் காலையில் பட்டறை ஓனரை அண்ணனே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்திருந்தார்.

“இன்னா தலைவரே, ரெடியா?” என்றது ஓனர் குரல். பின்னால் மிஷின் ஓடும் சத்தம்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

“புண்ணு வந்துடுச்சா?”

“இன்னும் வரல.”

“வராத புண்ணுக்கு லீவா? நல்லாருக்கே கதை.” ஓனர் சிரித்தார். அண்ணன் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். “தலைவரே, லோடு நிக்கிது. எத்தினி நாள்னு சொல்லு, பாத்துக்கலாம்.”

“தெரியல.”

“அப்ப நான் வேற ஆள் போட்டுக்கறேன். தப்பா நெனைக்காதே.”

“இல்ல. போட்டுக்க.”

அவ்வளவுதான். நான் பத்திரிகையில் நிறையப் பேரின் வேலை போன செய்தியைத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் வேலை போவதற்கு எப்போதும் இதைவிட அதிக வரிகள் பிடிக்கும்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர் வந்தார். விஷயம் கேட்டதும் டியூப் மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நான் செஞ்சதாலயா நைனா?” என்றார்.

“போடாங்… நீ சீட்டு குடுத்தே. எறங்காம குந்திகினு இருந்தது நானு.”

நண்பர் வால்வைத் திறந்துவிட்டார். காற்று முழுவதும் போனதும் டியூபைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அவர் கெட்டியான ஃபோமை நெஞ்சளவுக்கு வெட்டிக் கொண்டுவந்தார். குப்புறப் படுத்தபடி அதன் மேல் மார்பை ஏற்றிக்கொண்டால் அண்ணனுக்கு இரண்டு கையும் வேலைக்கு வரும். சாப்பிடலாம், போன் பார்க்கலாம், வந்தவர்களைத் திட்டலாம். ஃபோமை டாக்டரிடம் போட்டோ எடுத்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அண்ணி அதைக் கட்டிலில் போடவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வெளியே வந்தது. இந்த முறை அண்ணிதான் முதலில் பார்த்தார். இடது பக்கம், கரும்பட்டை தெரிந்த அதே இடத்துக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை. நான் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். “உள்ள பட்ட அடி மேல வருது. தோல் உடையலல்ல? அப்ப நல்லது. மல்லாக்கப் படுக்கவே வைக்காதீங்க.”

போட்டோவை அண்ணனிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலண்டர் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டேன். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் தெருவில் சைக்கிள்களும் பைக்குகளும் எஸ்டேட் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். “ஏன், காத்து வரட்டும்” என்றார். மாடியில் தொட்டி நிரம்பி வழிந்தது, ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். திரும்பி வந்து புறங்கையை அந்த இடத்தில் வைத்தேன். அரை மணி கழித்து மறுபடி வைத்தேன். “அடுப்பா அது, தொட்டுத் தொட்டுப் பாக்கறே?” என்றார் அண்ணன். புதன்கிழமைக்குப் பிறகு அவர் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் முறை.

கறை பரவவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஓரத்தில் காய்ந்து, பொருக்காகி, கீழே இளந்தோல் விட்டு உதிர்ந்தது. ஒத்திகையை நிறுத்தாமல், திங்களன்று வேலைக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டரிடம் கேட்டேன். “யாராலயும் சொல்ல முடியாது சார்” என்றார். எனக்கு அது போதவில்லை. ஆனால் என் தொழிலிலும் அதே கதைதான். தீப்பிடித்த கட்டடம் முதல் பக்கத்தில் வரும். ஒயரில் பொறி பறந்ததைப் பார்த்து யாரோ மெயினை அணைத்துவிட்ட கட்டடம் எந்தப் பக்கத்திலும் வராது. வேலை போனது நடந்தது. அதற்குச் சாட்சி உண்டு. புண் வராதது நடக்கவில்லை. நடக்காததைக் காட்டி அண்ணனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது?

இரண்டாவது ஸ்கேனில் கரும்பட்டைக்கு ஓரம் தெரிந்தது. ஒரு மூலையில் வரிகள் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தன. அண்ணன், “மாஸ்டர் எங்க?” என்றார். நான் பாயை விரித்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது சாம்பல் நிறத் தழும்பு மாதிரி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. டாக்டர் முறையான ஒரு மெத்தையின் மேல் கொஞ்ச நேரம் உட்கார அனுமதித்தார். இடையிடையே, எலும்பின் அழுத்தம் விலக, கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். இறங்கியதும் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த ஸ்கேனில் மாற்றம் இருந்தால் மறுபடி படுக்கைதான்.

முதல் நாள் அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று விசாரித்தார்கள். ஒருவர், ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார். அண்ணன் முகம் தெளிந்திருந்தது. சொன்ன நேரம் முடிந்தபோது எனக்கு மனம் வரவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் இருண்ணா” என்றேன்.

“எறக்கு” என்றார்.

அந்த வாரக் கடைசியில், அதே வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஓனர் கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“தலைவரே, நான் போட்ட ஆளு மைக்ரோமீட்டர கிளாம்பு மாரி முறுக்கறான். தேறாததெல்லாம் தேறுது. ரெண்டு ட்ரே திரும்பி வந்துடுச்சி. அர நேரம் வாயேன். குந்திகினு பாரு, படுத்துகினு பாரு, ஒன் இஷ்டம். திங்கக்கெழம வரியா?”

அண்ணி கையில் துவைத்த துணியோடு அப்படியே நின்றார். நான் அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று, சரி என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

“வியாழக்கெழம டாக்டரம்மா வராங்க” என்றார். “ஸ்கேன் பாத்துட்டு சொல்றேன்.”

“இன்னும் அந்த வராத புண்ணா?”

“ஆமா. அதேதான்.”

போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி உடம்பை நாற்காலியிலிருந்து மேலே தூக்கினார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையால் காட்டிவிட்டு, அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.